பின்னால் சத்தம் கேட்டாலே ஆக்ஸில் போச்சா? பிக்கப் வண்டிக்கு அறிகுறி வாரியாகச் சோதனை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள்: "அண்ணே, ஆக்ஸில் போச்சுண்ணே. பழசு ஒன்னு பாத்து மாட்டி விட்ருங்க." பின்பக்கமிருந்து வரும் எல்லாச் சத்தத்துக்கும் ஒரே பெயர்தான். டயர் கத்தினாலும் ஆக்ஸில், ஜாயின்ட் கிராஸ் அடித்தாலும் ஆக்ஸில், யூ போல்ட் தளர்ந்தாலும் ஆக்ஸில். முழு செட்டையும் இறக்கி மாற்ற வேண்டிய வண்டி அதில் கொஞ்சம்தான். மிச்சம் ஒரு பேரிங்கிலோ ஒரு சீலிலோ முடிகிற வேலை. ஹவுசிங் வளைந்த வண்டிக்குப் பேரிங்காக மாற்றி மாற்றிக் காசைக் கரைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இது.

பொலேரோ பிக்கப், யோதா, டோஸ்த், ஏஸ் என்று நம் பக்கம் ஓடும் சரக்கு வண்டிகளின் பின்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கமான் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) குறுக்கே ஒரு இரும்பு ஹவுசிங், அதன் நடுவில் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் அதை ஓட்டும் பினியன் என்ற சின்னப் பற்சக்கரமும், இரு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட், முனையில் சக்கரம் மாட்டும் ஹப்பும் பிரேக் டிரம்மும். கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்குச் சுற்றைக் கொண்டுவருவது ஜாயின்ட் ஷாஃப்ட், அதன் மூட்டுதான் ஜாயின்ட் கிராஸ். ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டிப்பிடிப்பது யூ போல்ட். போல்ட் இறுக்கும் அளவு, ஆயில் கொள்ளளவு எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

சோதனைக்கு முன்னால் பின்சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். வீல் நட்டுகளுக்கு உள்ளே, நடுவில் இன்னொரு வட்டமாக போல்ட் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். பாரத்தை ஹப் பேரிங் ஹவுசிங் மேல் தாங்குகிறது, ஷாஃப்ட் சுற்றுவதோடு சரி. அந்த உள்வட்டம் இல்லாமல் வீல் போல்ட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் செமி ஃப்ளோட்டிங். ஷாஃப்ட்டே பாரத்தையும் சுமக்கும். இதில் ஷாஃப்ட்டோ அதன் பேரிங்கோ போனால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். அதனால் செமி ஃப்ளோட்டிங் வண்டியில் சக்கரம் ஆடினால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

ஓடும்போது ஊளைச் சத்தம்

குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் 40-லிருந்து 60 கிலோமீட்டருக்குள், மெல்லிய ஊளை கிளம்பும். "கிரவுன் பாடுது" என்பார்கள். கிரவுன்தானா என்று உறுதி செய்ய வண்டியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். திருமயம் பக்கம் போகும் நீளமான சாலை மாதிரி, பின்னால் வண்டி வராத இடமாகப் பாருங்கள்.

சத்தம் வரும் வேகத்தை எட்டியதும், அதே வேகத்தில் ஒரு கியர் கீழே மாற்றிப் பாருங்கள். கியர் மாற்றியதும் சத்தத்தின் சுருதி மாறினால் கோளாறு இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். எந்த கியரில் போனாலும் வேகத்தோடு மட்டும் சத்தம் ஏறி இறங்கினால் பின்னால்தான் தேட வேண்டும். அடுத்து ஆக்சிலரேட்டரைக் கவனியுங்கள். மிதிக்கும்போது ஊளை, விட்டதும் அடங்கிவிடுகிறது என்றால் கிரவுன், பினியன் பற்களின் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கிறது, அல்லது பற்கள் பொருந்தும் இடம் விலகியிருக்கிறது. மிதிக்கும்போது அமைதியாக இருந்து, காலை எடுத்ததும் கத்தினால் பினியன் பேரிங்கில் ஆட்டம் என்று சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி வந்தால் கிரவுனை விட்டுவிட்டுப் பேரிங்கையும் டயரையும் பாருங்கள்.

டயரை ஒதுக்குவது சுலபம். வழவழப்பான தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் சிமென்ட் ரோட்டுக்கு இறங்குங்கள். டயர் சத்தம் ரோடு மாறியதும் மாறும். கிரவுனுக்கு ரோடு எதுவென்று தெரியாது, அது பாட்டுக்குப் பாடும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: சமீபத்தில் பினியன் சீல் மாற்றினீர்களா? சீல் மாற்றிய பிறகுதான் ஊளை வந்தது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. பல வண்டிகளில் பினியன் நட்டுக்குக் கீழே நசுங்கி நிற்கும் ஒரு ஸ்லீவ் இருக்கும். நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அந்த அளவுக்குப் பேரிங் மேல் அழுத்தம் ஏறும். சீல் மாற்றியவர் பைப் போட்டு முழு பலத்தோடு இறுக்கியிருந்தால் பேரிங் சூடேறிச் சீக்கிரமே போகும். தளர விட்டிருந்தால் பினியன் முன்னும் பின்னும் ஆடிப் பற்களைத் தின்னும். முறை என்னவென்றால், கழற்றும் முன் நட்டுக்கும் பினியன் முனைக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் புள்ளி அடித்துக்கொண்டு, திரும்ப அதே புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. ஸ்லீவை மாற்றினால், பினியனைச் சுற்ற எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று அளந்துதான் இறுக்க வேண்டும். கைப்பழக்கம் இங்கே உதவாது.

உறுமல், வளைவில் கூடிக் குறைகிறது

இது வீல் பேரிங்கின் கையெழுத்து. மெதுவாக இடது பக்கம் வளையுங்கள். பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங். வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது. பிறகு அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கையால் சுற்றும்போது கமான் பட்டையில் விரலை வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும். பேரிங்கும் சீலும் மாற்றினால் போதும். ஆனால் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, புதுப் பேரிங்கே கையால் தள்ள உள்ளே போகிறது என்றால் கதை வேறு, பிறகு வருகிறேன்.

வளைவில் மட்டும் கடகட

நேராகப் போகும்போது சத்தமே இல்லை, பேருந்து நிலையத்தில் வளைக்கும்போது மட்டும் கடகடவென்று பல் உருளும் சத்தம். வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவது டிஃபரன்ஷியல்; அதற்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் பின் (pin), வாஷர்கள்தான் காரணம். நேராகப் போகும்போது அவை தம்மளவில் சுற்றுவதில்லை, அதனால்தான் அமைதி. கிரவுன் நன்றாக இருந்தால் உள்செட் மட்டும் மாற்றலாம்.

கிளட்சை விட்டதும் ‘டங்’

முதலில் ஜாயின்ட் கிராஸ். வண்டியை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் கண்ணுக்கே தெரியும். சுற்றிலும் துருப்பொடி செம்மண் நிறத்தில் ஒட்டியிருக்கும். கிராஸ் இறுக்கமாக இருந்து, ஷாஃப்ட் பினியனோடு சேர்ந்து அதிகம் திரும்பினால் உள்ளே தேய்வு. கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூ போல்ட் நட்டுகளையும் ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். தளர்ந்த யூ போல்ட் தரும் ‘டங்’ கிரவுன் உடைந்ததைப் போலவே கேட்கும்.

இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

ஒருவர் தள்ளி நின்று பார்க்க, ஓட்டுநர் கியரில் போட்டு மெதுவாகக் கிளட்சை விடட்டும். ஜாயின்ட் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ். ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்திருக்கிறது. ஒன்று முறிந்தால் போதும். டிஃபரன்ஷியல் இருக்கிற சக்தியையெல்லாம் பிடிப்பில்லாத அந்தப் பக்கத்துக்கே அனுப்பிவிடும். பார்க்கிறவர் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு கியரில் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரம் பிடித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

எண்ணெய்க் கசிவு

எந்த எண்ணெய் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கியர் ஆயில் தடித்தது, கந்தக வாடை மூக்கில் ஏறும். பிரேக் ஆயில் தண்ணியாக ஓடும், பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். சக்கரத்தின் உள்பக்கம் கியர் ஆயில் வழிந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது, டிரம்முக்குள்ளும் போயிருக்கும். ஆயில் குடித்த பிரேக் லைனரை பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும், அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது. லைனரை இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

சீலை மாற்றினோம், ஒரு மாதத்தில் திரும்பக் கசிகிறது, திரும்ப மாற்றினோம், திரும்பவும் கசிகிறது. இப்படிச் சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: பிரீதர் பார்த்தீர்களா? ஹவுசிங்கின் மேல்பக்கம் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி, அல்லது அங்கிருந்து மேலே போகும் ஒரு சின்ன ஹோஸ். ஓடும்போது சூட்டில் விரியும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். நம் ஊர்ச் செம்மண் அங்கே ஆயிலோடு குழைந்து, காய்ந்து, கெட்டியாக அடைத்துக்கொள்ளும். செம்பூரான் கல் குவாரிக்கும் கண்மாய்க் கரை மண் பாதைக்கும் போகும் வண்டியில் அந்த மூடி இருக்கிற இடமே தெரியாது, சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எந்தச் சீல் மெலிந்ததோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புதுச் சீலுக்கும் அதே கதிதான். மூடியைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, காற்று அடித்து, விரலால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிற வரை சுத்தம் செய்யுங்கள். செலவே கிடையாது.

ஆயில் அளவு துவாரத்துக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கசியும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைப்பது சமையலுக்குக்கூடச் சரிவராது.

வண்டி கோணலாகப் போகிறது, டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது

முழு ஆக்ஸிலையும் மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காரணம் நாம் ஏற்றும் சரக்கு. ஆத்தங்குடி தளக்கல் ஏற்றினால் பாடி பாதிகூட நிரம்பியிருக்காது, எடை எப்போதோ முடிந்திருக்கும். "இடம் கிடக்குல்ல, இன்னும் நாலு அடுக்கு வைப்பா" என்று கடைக்காரர் சொல்வார். புதுவயல் மில்லில் அரிசி மூட்டை ஏற்றுவதும் அப்படித்தான். பழம்பொருள் கடைக்காரர்களின் தேக்குத் தூண் இன்னும் மோசம். நீளத்தால் பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும். அது முன்பக்கத்தைத் தூக்கும், முன்பக்கம் இழந்த எடையும் சேர்ந்து பின் ஆக்ஸில் மேல் விழும். தூணின் எடையைவிட அதிகமான பாரம் ஆக்ஸிலுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பாரத்தோடு வேகத்தடையில் குதித்தால் ஹவுசிங் நடுவில் தொய்ந்து, இரு முனையும் மேல்நோக்கித் திரும்பும்; சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். மட்டமான சிமென்ட் தளத்தில் காலி வண்டியை நிறுத்தி, டயருக்கு வெளியே, கயிறு டயரில் எங்கும் படாதபடி மேலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளி, கீழ் ஓரத்துக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளி இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி அளந்தால் ரிம் நெளிவா, ஹவுசிங் வளைவா என்று பிரிந்துவிடும். அரைச் சுற்றுக்குப் பிறகும் சாய்வு அதே பக்கம் நின்றால், ஹப் பேரிங்கிலும் ஆட்டம் இல்லையென்றால், ஹவுசிங்தான். அடுத்து, ஹப் உயரத்தில் இரு ரிம்களுக்கும் இடையே முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால் ஹவுசிங் முன்பின்னாகவும் வளைந்திருக்கிறது.

ஆனால் கோணல் ஓட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை முதலில் பாருங்கள். கமான் பட்டையின் முன் கண் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். அளவு மாறினால், பட்டை மேல் ஆக்ஸிலை இடம் மாறாமல் நிறுத்தும் சென்டர் போல்ட் முறிந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. சின்ன போல்ட்தான், ஆனால் அதோடு சரக்கு ஏற்றிக் கிளம்பக் கூடாது.

வேகத்தில் நடுக்கம்

சக்கரத்தைவிட ஜாயின்ட் ஷாஃப்ட் நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும். சீட்டில் மெல்லிய, வேகமான அதிர்வு வந்தால் ஷாஃப்ட், கிராஸ், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங். பெரிய, மெதுவான ஆட்டம் என்றால் டயர், ரிம்.

ஆயிலை இறக்கிப் பாருங்கள்

எந்த முடிவுக்கும் முன்னால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். கொஞ்சம் ஓட்டி, ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கும் முன்னால் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள்; மேலே இருப்பது துருப்பிடித்துச் சிக்கியிருந்தால், கீழே இறக்கிய பிறகு திரும்ப ஊற்ற வழி இருக்காது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் நெறநெறவென்றால் பேரிங். பல்லின் ஓரம் போல முனையுள்ள துண்டு கிடைத்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது, வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சூடான ஆக்ஸில் தண்ணீருக்குள் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து பிரீதர் வழியாக உள்ளிழுக்கும். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆயில் மாற்றுவதோடு பிழைத்தது. விட்டுவிட்டால் பேரிங் துருவேறும்.

எப்போது முழு செட்?

ஹவுசிங் வளைந்திருந்தால், விரிசல் விட்டிருந்தால், பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் தயங்காமல் முழு ஆக்ஸில். வளைந்த ஹவுசிங்கைச் சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களிடம் நான் கொடுக்க மாட்டேன்; அதே பாரம் அதே இடத்தில் மறுபடி வளைக்கும். கிரவுன் பினியன், பேரிங், ஒரு ஷாஃப்ட் என்று எல்லாம் ஒரே சமயத்தில் போயிருந்தாலும், உதிரியாக வாங்கி செட்டிங் கூலி கொடுப்பதைவிட நல்ல செட் ஒன்று மாற்றுவது கட்டுப்படியாகும். கிரவுன் மட்டும் போயிருந்தால் பினியனோடு ஜோடியாக மாற்ற வேண்டும், தனித்தனியாகச் சேராது.

திருச்சியிலோ மதுரையிலோ பழைய செட் எடுக்கும்போது ரேஷியோ முக்கியம், அதாவது கிரவுன் பற்களைப் பினியன் பற்களால் வகுத்த எண். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.875. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதலாவது இருந்த வண்டியில் இரண்டாவதை மாட்டினால் அதே வேகத்துக்கு இன்ஜின் 19 சதவீதம் போலக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், டீசல் தின்னும். இரண்டாவது இருந்த வண்டியில் முதலாவதை மாட்டினால் பாரத்தோடு மேட்டில் இழுக்காமல் கிளட்ச் கருகும். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு பக்க ஹப்பை அசையாமல் ஒருவர் பிடிக்க, மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளேஞ்ச் (ஜாயின்ட் ஷாஃப்ட் மாட்டும் தட்டு) எத்தனை சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. நாலு சுற்றும் கொஞ்சமும் என்றால் 4.1, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.875. உங்கள் வண்டியிலும் ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இதையே செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீல் போல்ட் எண்ணிக்கை, டிரம் அளவு, பட்டை உட்காரும் இரு திண்டுகளுக்கும் இடையேயுள்ள தூரம் இவற்றையும் அளந்துகொள்ளுங்கள். திண்டுக்குப் பக்கத்தில் புது பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள், வெல்டிங் அங்கேதான் ஒளிந்திருக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இறக்கி மாட்டும்போது

முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு சேசிஸுக்குக் கீழே, பட்டையின் முன் பிராக்கெட்டுக்கு முன்னால். செங்கல், கட்டைத் துண்டு எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. ஆயிலை இறக்கி, ஜாயின்ட் ஷாஃப்ட் ஃபிளேஞ்சில் பஞ்ச் அடையாளம் போட்டுக் கழற்றி, கம்பியால் ஓரமாகக் கட்டுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரீதர் ஹோஸ், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் வரிசையாக. பாரத்துக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி ஆக்ஸிலில் மாட்டியிருந்தால், அது இருந்த நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாக மாட்டினால் காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டும். ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

ஆக்ஸிலுக்கு இரு பக்கமும் ஜாக்கி கொடுத்த பிறகுதான் யூ போல்ட். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் அப்படியே இறக்கிவிடலாம். கீழே இருந்தால் பட்டையின் ஒரு முனையைக் கழற்றி இறக்க வேண்டியிருக்கும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை திண்டின் குழிக்குள் உட்கார்ந்ததைக் கையால் தடவிப் பாருங்கள். யூ போல்ட்டும் நட்டும் புதிது. ஒருமுறை இழுபட்டது திரும்ப அதே பிடிப்பைத் தராது. குறுக்கு மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சில் கடைசி இறுக்கம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளுக்கும் அப்படியே. தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியும். பிறகு புத்தகத்தில் சொன்ன கிரேடில் கியர் ஆயில், பெரும்பாலும் ஜிஎல்-5, மட்டத் துவாரத்தின் அடிவிளிம்பு வரை. பழைய செட் கடையிலிருந்து வரும்போது உள்ளே ஆயில் இருக்காது, அதை மறந்து ஓட்டினால் சில கிலோமீட்டரில் கிரவுன் நீலம் பூத்துவிடும். பிரேக்கில் காற்று எடுக்கும்போது புத்தகத்தில் வரிசை சொல்லியிருந்தால் அதன்படி, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து.

காலி வண்டியாக ஒரு சுற்று போய்வந்து இரு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பேரிங் இறுக்கம், அல்லது லைனர் உரசுகிறது. புதுக் கிரவுன் பினியன் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டர் முழு லோடு வேண்டாம், தளக்கல்காரரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். யூ போல்ட் நட்டுகளை முதல் லோடு ஏற்றி இறக்கிய அன்றே ஒருமுறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறையும் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். பட்டை படிந்ததும் பிடிப்பு தளரும், ரெஞ்சில் நட்டு இன்னும் கொஞ்சம் இறுகும்.